பூல் பந்து துடைக்க பழைய கிரைண்டர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூல் (ஸ்டிக்கால் பந்தை அடித்து டேபிள் ஓரக் குழிகளில் விழவைக்கிற பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) ஆடுகிற பார்லர்களில் பந்தெல்லாம் ஒரே அழுக்கு, மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் பந்தைத் துடைத்து வைக்கக்கூடாதா என்று வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் கேட்டிருந்தார். அதற்குப் பார்லர் நடத்தும் ஒருவர் எழுதிய பதிலையும் போட்டீர்கள். பந்து பாலிஷ் போடும் மெஷின் வெளிநாட்டுச் சரக்கு, அந்த விலைக்கு எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் எங்கே போவது, கையால் துடைக்க ஆளும் கிடைப்பதில்லை என்பது அவர் கட்சி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்த மெஷினை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? வீட்டு மூலையில் ஓடாமல் கிடக்கும் மாவு அரைக்கிற கிரைண்டர் ஒன்று இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மேட்டுப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற வேலை பார்க்கிறவன். பம்புசெட், கிரைண்டர், மிக்சி, ஃபேன் எது வந்தாலும் கட்டுவோம். சாயங்காலம் பூல் ஆடுகிற பழக்கமும் உண்டு. நான் ஆடப்போகிற பார்லர்காரரே ஒருநாள் இணையத்தில் பார்த்த ஒரு மெஷினின் படத்தைக் காட்டி இதுமாதிரி முடியுமா என்று கேட்டார். படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுற்றிலும் கார்ப்பெட் ஒட்டிய ஒரு தொட்டி, அடியில் கார்ப்பெட் ஒட்டிய ஒரு வட்டத் தட்டு, தட்டைச் சுற்ற ஒரு மோட்டார், மேலே ஒரு மூடி. அவ்வளவுதான் சமாச்சாரம். தட்டு சுற்றும், தொட்டி அசையாமல் நிற்கும், நடுவில் மாட்டிக்கொண்ட பந்து உருண்டு, உரசி, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தானாகவே துடைபட்டுக்கொள்ளும்.

எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், பந்து ஏன் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்லர்காரர்கள் பலர் இதை அழகு சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது சரியில்லை.

பந்தில் ஒட்டுகிற அழுக்கு மூன்று வகை. கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒன்று, நம் ஊரில் பஜ்ஜி தின்ற கையோடு பந்தை எடுத்து அடுக்குகிறவர்கள் அதிகம். ஸ்டிக் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று விரலில் அப்பிக்கொள்கிற முகப் பவுடர் இரண்டாவது. மூன்றாவதுதான் ஆபத்தானது, ஸ்டிக் நுனியில் தேய்க்கும் நீல நிற சாக். பேர்தான் சாக். கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1897-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியல்காரரும் சேர்ந்து காப்புரிமை வாங்கிய கலவையின் வழி வந்தது இது. சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த பொடி. உப்புத்தாள்களில் ஒட்டுகிற சரக்கிலும் அலுமினியம் ஆக்சைடு உண்டு. அதாவது நாம் தேய்ப்புப் பொடியைப் பந்தில் பூசி, அந்தப் பந்தை டேபிள் துணி மேல் மணிக்கணக்காக உருட்டிக்கொண்டிருக்கிறோம். பந்தின் பளபளப்பு போகிறது, துணியும் சீக்கிரம் தேய்கிறது. துணி மாற்ற எவ்வளவு ஆகும் என்பது பார்லர்காரருக்குத் தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை.

ஆட்டத்திலும் வித்தியாசம் உண்டு. ஸ்டிக்கால் நாம் அடிக்கிற வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை ஓரமாகத் தட்டும்போது இரண்டும் தொடுகிற அந்த நொடியில் கொஞ்சம் உராய்வு இருக்கத்தான் செய்யும், அடிபட்ட பந்து நாம் கணக்குப் போட்ட கோட்டிலிருந்து துளி விலகித்தான் போகும். நல்ல ஆட்டக்காரர் அந்த விலகலையும் சேர்த்தே குறி வைப்பார். பந்து அழுக்கானால் உராய்வு கூடும், அதுவும் பந்துக்குப் பந்து, இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் கூடும், அப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது. சரியாகத் தொடுகிற இடத்தில் ஒரு பொட்டு சாக் இருந்துவிட்டால் பந்துகள் ஒரு கணம் பிடித்துக்கொண்டதுபோல ஆகி, வெள்ளைப் பந்து மேலே துள்ளும், ஆடுகிறவர்கள் இதைக் கிக் என்பார்கள். டிவியில் ஸ்நூக்கர் (பூல் மாதிரியே இன்னொரு டேபிள் ஆட்டம்) பார்க்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள், வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் ஆட்டத்தின் நடுவிலேயே பந்தை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் குறி வைத்துத் திரும்ப வைப்பார். அவ்வளவு பெரிய ஆட்டத்திலேயே ஒரு பொட்டு சாக் அத்தனை பெரிய விஷயம். இங்கே மாதக்கணக்காகத் துடைக்காத பந்தில் ஆடிவிட்டு எனக்கு இன்னிக்குக் கை சரியில்லை என்று பையன்கள் புலம்புகிறார்கள்.

சரி, பந்து எதனால் செய்தது என்பதும் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் எதைப் போட்டுத் தேய்க்கலாம் என்பது அதைப் பொறுத்தது. ஒரு காலத்தில் யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். தந்தம் கட்டுப்படியாகவில்லை என்று 1860-களில் நியூயார்க் கம்பெனி ஒன்று மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் இறங்கி முயற்சி செய்து செல்லுலாய்டில் போய் நின்றார், நாம் பல காலம் பயன்படுத்திய பிளாஸ்டிக் வகைகளுக்கு அதுதான் ஒருவகையில் ஆரம்பம். செல்லுலாய்டு தீப்பிடிக்கிற சரக்கு. 1907-இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்லைட் வந்த பிறகு நிலைமை மாறியது. இன்றைய நல்ல பந்துகள் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பீனாலிக் ரெசினில் வார்த்தவை. பெல்ஜியத்தில் சலூக் என்ற கம்பெனி அராமித் என்ற பெயரில் செய்வதுதான் இதில் பேர் போனது. விலை குறைந்த செட்டுகள் பாலியெஸ்டரில் வருகின்றன, அவை அவ்வளவு கடினம் கிடையாது, சீக்கிரம் கீறல் விழும். யாருடைய பரணிலாவது தாத்தா காலத்துத் தந்தப் பந்தோ செல்லுலாய்டு பந்தோ இருந்தால் தயவுசெய்து அதை எந்த மெஷினிலும் போடாதீர்கள்.

தாத்தா காலம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்நூக்கர் ஆட்டமே நம் நாட்டில் பிறந்தது என்பது பல பேருக்குத் தெரியாது. நெவில் சேம்பர்லின் என்ற 19 வயது ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் ஆரம்பித்தது (பின்னால் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்). அப்புறம் 1882 வாக்கில் ஊட்டி க்ளப்பில் வைத்துத்தான் அதற்கு விதிகள் எழுதி பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டினார்கள். ஆட்டத்தை யார் கண்டுபிடித்தது என்று ரொம்ப காலம் கழித்துப் பேச்சு வந்தபோது, 1938-இல் அந்த மனிதரே லண்டன் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, நான்தான் என்று சொன்னார். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள இடமிருக்கிறது. மலையேறினால் ஊட்டி, கீழே நாங்கள் அழுக்குப் பந்தில் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

இனி மெஷின்.

கிரைண்டரை ஏன் சொல்கிறேன் என்றால், அது மலிவு, எங்கும் கிடைக்கும். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு கிரைண்டர் வந்து சேர்ந்தது, ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தவர்கள் வீட்டில் இரண்டு ஆனது. இப்போது பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடக்கிறது. கல் உடைந்தது, டிரம் ஓட்டையானது, லாக் போனது என்று போட்டுவிடுகிறார்கள், மோட்டார் பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். நமக்குக் கல்லும் வேண்டாம் டிரம்மும் வேண்டாம்.

இன்னொரு காரணம் வேகம், இதுதான் முக்கியம். கிரைண்டரில் மோட்டார் வேகமாகச் சுற்றினாலும் பெல்ட்டும் புல்லியும் அதைக் குறைத்து டிரம்முக்குக் கொடுக்கின்றன. நமக்கு வேண்டியது நிமிஷத்துக்கு 100-லிருந்து 200 சுற்று, அதற்குமேல் வேண்டவே வேண்டாம். உங்கள் கிரைண்டர் எவ்வளவு சுற்றுகிறது என்று தெரியாவிட்டால், சுற்றுகிற பாகத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணிவிடலாம். கணக்கைப் பாருங்கள். தட்டின் நடுவிலிருந்து சுமார் 11 செ.மீ தள்ளித்தான் பந்து உட்காரும். 150 சுற்றில் அந்த இடம் நொடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் போகும், பந்து அமைதியாக உருளும். அதே தட்டை 1440 சுற்று மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டிவிட்டால் அந்த இடத்தின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். ஒரு பூல் பந்தின் எடை 156-லிருந்து 170 கிராம். எட்டுப் பந்து அந்த வேகத்தில் ஒன்றோடொன்று மோதினால் பாலிஷ் ஆகாது, சில்லுச் சில்லாக எகிறும், முகத்துக்கு வந்தால் பல் போகும். யாராவது வந்து ஒரு அரை ஹெச்பி மோட்டாரில் நேரடியாகத் தட்டு வைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் நான் முடியாது என்றே சொல்வேன்.

பழைய மோட்டாரை முதலில் சோதித்துவிடுங்கள். ஸ்விட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், கையால் சுற்றிவிட்டால் மட்டும் ஓடினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அதன்மேல் எழுதியிருக்கிற அதே அளவில் புதிது போடவேண்டும். கருகிய வாடை வந்தால் காயில் போய்விட்டது, அதைக் கட்டுகிற செலவுக்கு இரும்புக் கடையில் வேறு ஒன்றை எடுத்துக்கொள்வது மேல் (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்). பெல்ட் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், எட்டுப் பந்து சேர்ந்தாலும் ஒன்றேகால் கிலோ சொச்சம்தான், கல்லையும் உளுந்தையும் சேர்த்து இழுத்த மோட்டாருக்கு அது ஒரு பாரமே இல்லை.

டிரம்மைத் தூக்கினால் அதைச் சுற்றவைக்கிற தண்டோ தட்டோ தெரியும், அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதன்மேல் 12 மி.மீ பிளைவுட்டில் 26 செ.மீ வட்டம் ஒன்று வெட்டி போல்ட் போட்டு இறுக்கவேண்டும். போல்ட் தலை பிளைவுட்டுக்குள் அமிழ்ந்து இருக்கட்டும், மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பந்தைக் கீறிவிடும். தட்டு ஆடாமல் தட்டையாகச் சுற்றுகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகவேண்டும், லேசாகக் கோணினாலும் பந்து குதிக்க ஆரம்பிக்கும்.

தொட்டிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி. இதில் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. வாளி அடியில் குறுகி வாயில் அகலமாக இருக்குமல்லவா, அதைத் தலைகீழாகக் கவிழ்க்கவேண்டும். அகலமான வாய்ப்பக்கம் கீழே தட்டைச் சுற்றி வரும், அங்கே சுமார் 30 செ.மீ கிடைக்கும், கார்ப்பெட் ஒட்டியபின் 28. கவிழ்த்ததால் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், பந்து சுவரில் ஏறப் பார்த்தாலும் சாய்வு அதைக் கீழேயே தள்ளிவிடும். நேராக வைத்துச் செய்தவர்களுடைய மெஷினில் பந்து சுவரில் ஏறி வெளியே குதிக்கப் பார்க்கும், அதற்காக மூடியில் கனமாகச் செங்கல் வைத்து ஓட்டுவார்கள். இப்போது மேலே வந்துவிட்ட வாளி அடியில் கை போகிற அளவு வட்டம் வெட்டி, அந்தத் துண்டையே கீல் வைத்து மூடியாக்கிக்கொள்ளலாம். வாளி சுற்றக்கூடாது, எல்-ஆங்கிள் வைத்து அடிப்பலகையில் நாலு பக்கமும் முறுக்கிவிடுங்கள்.

முறுக்கும்போது தட்டின் நடுவும் வாளியின் நடுவும் ஒரே இடத்தில் வரக்கூடாது. முக்கால் செ.மீ அளவுக்கு வாளியைத் தள்ளி வையுங்கள். ஏன் என்றால், இரண்டும் ஒரே மையத்தில் இருந்தால் பந்து ஒரே அச்சில் உருண்டுகொண்டே இருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் கண்ணாடியாகி இரண்டு பக்கமும் அழுக்கு அப்படியே நிற்கும். மையத்தைத் தள்ளினால் ஒரு பக்கம் இடம் இறுகும், மறுபக்கம் விடும், பந்து ஒவ்வொரு சுற்றிலும் திரும்பிப் படுக்கும். அதோடு சுவரில் ஒரு இடத்தில் கார்ப்பெட்டை இரண்டு மடிப்பாக ஒட்டி மேடு மாதிரி வைத்துவிட்டால் அதில் இடித்துப் பந்து முகம் மாறும். வேலை செய்கிறதா என்று பார்க்க, பந்தில் ஒயிட்போர்டு பேனாவால் நாலைந்து இடத்தில் கோடு போட்டு உள்ளே விடுங்கள், எந்தக் கோடு அழியாமல் வருகிறதோ அதை வைத்து வாளியை இன்னும் கொஞ்சம் தள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல மெஷினும் வெட்டி மெஷினும் பிரிகிறது, மற்றதெல்லாம் ஆணியடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடுவார்கள்.

கார்ப்பெட் என்றால் ஆபீஸ் தரையில் போடுகிற, குட்டையாக, நெருக்கமாக நூல் இருக்கிற வகை. தேங்காய் நார் மிதியடி கூடவே கூடாது, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரிப்பும் கூடாது, அது பந்தில் மெல்லிய கீறல் போடும். கல்யாண மண்டபத்துச் சிவப்பு விரிப்பு பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து பந்தில் ஒட்டும். கார்ப்பெட் கடையில் வெட்டியது போக மீந்த துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒட்டுவதற்கு மரவேலைக்கு ஊற்றுகிற வெள்ளைப் பசை வேண்டாம், ஈரம் பட்டால் விட்டுவிடும், ஃபோம் ஒட்டுகிற ரப்பர் பசைதான் நிற்கும். தட்டில் மட்டும் இரண்டு செட் வட்டம் வெட்டி வெல்க்ரோ வைத்துக்கொண்டால், ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டலாம். இதைச் சோம்பேறித்தனப்பட்டு விடக்கூடாது. துவைக்காத கார்ப்பெட்டில் பழைய சாக் எல்லாம் சேர்ந்திருக்கும், அப்புறம் மெஷின் அழுக்கை எடுக்காமல் அழுக்கைத் தேய்த்து ஏற்றுகிற வேலையைத்தான் செய்யும்.

கரண்ட் விஷயத்தில் விளையாடக்கூடாது. பழைய கிரைண்டர்களில் பாதிக்கு எர்த் பின்னை யாரோ பிடுங்கியிருப்பார்கள். ஈரக் கார்ப்பெட், இரும்பு உடல், கை உள்ளே போகிற வேலை, மூன்றும் ஒரே இடத்தில் சேருகிறது. மூன்று பின் பிளக், ஒழுங்கான எர்த், முடிந்தால் கடையில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை நிறுத்துகிற ஸ்விட்ச்). மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கிறமாதிரி ஒரு ஸ்விட்சை வைத்துவிட்டால் இன்னும் நல்லது, பார்லர் என்றால் பையன்கள் விரல் விடாமல் இருக்கமாட்டார்கள்.

ஓட்டுகிற முறை சொல்கிறேன். பந்தை அப்படியே மெஷினில் போடக்கூடாது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஓரிரு சொட்டு விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து ஈரம் போகவிடவேண்டும். சாக் பொடி இந்தக் கட்டத்திலேயே போய்விடவேண்டும். பந்து சுத்தம் செய்வதற்கென்று விற்கிற திரவத்தைக் கார்ப்பெட்டில் நாலைந்து இடத்தில் சின்னச் சின்னதாகத் தடவினால் போதும், ஊற்றத் தேவையில்லை. 57.15 மி.மீ பூல் பந்து அந்த வாளிக்குள் தொட்டுத் தொட்டு வைத்தால் பன்னிரண்டு பிடிக்கும், ஆனால் எட்டுதான் போடவேண்டும், இடம் இருந்தால்தான் புரளும். 16 பந்து என்றால் இரண்டு தடவை. ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ, அது 22 பந்து, மூன்று தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் தாராளம். அதற்குமேல் ஓட்டினால் பளபளப்பு கூடப்போவதில்லை, மோட்டார்தான் சூடாகும். எடுத்தபின் ஒவ்வொரு பந்தையும் மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடை துடைக்கவேண்டும், திரவம் மிச்சம் இருந்தால் டேபிள் துணியில் கறை பிடிக்கும், முதல் சில அடிகளில் பந்து வழுக்கும்.

இனி எதையெல்லாம் போடக்கூடாது என்பது. பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பர், பித்தளை பாலிஷ், பிளீச்சிங் பவுடர் மூன்றும் பந்தின் மேல்தோலையே கெடுத்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பளபளக்கும்தான், பற்பசையில் தேய்ப்புப் பொடி இருக்கிறது, அது ஒவ்வொரு தடவையும் பந்தைக் கொஞ்சம் தின்கிறது. கார் மெழுகு இன்னொரு ஆசை. பூசிய அன்று கண்ணைப் பறிக்கும், ஆனால் மெழுகுப் படலத்தில் சாக் முன்பைவிட வேகமாக ஒட்டும், மறுநாளே பழைய கதை.

கிரைண்டர் கிடைக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் தொட்டி நிற்கும், அடியில் தட்டு சுற்றும், நமக்கு வேண்டிய அமைப்பு அதிலேயே இருக்கிறது. கூடவே டைமர், அதுவும் வலம் இடம் மாறி மாறிச் சுற்றவைக்கிற டைமர், பந்து பாலிஷுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் அந்தத் தட்டின் வேகம் நமக்கு அதிகம், தட்டுக்குக் கீழே இருக்கிற புல்லியைப் பெரிதாக மாற்றி வேகத்தைக் குறைக்காமல் பந்தைப் போடக்கூடாது. கார் வைப்பர் மோட்டார் வைத்தும் செய்கிறார்கள், மெதுவாகச் சுற்றும், 12 வோல்ட் என்பதால் ஷாக் பயம் குறைவு, நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். அமெரிக்காவில் வீட்டில் செய்கிறவர்கள் காருக்குப் பாலிஷ் போடுகிற ஆர்பிட்டல் பஃபரைத் தலைகீழாக வைத்து அதன்மேல் அடி வெட்டிய வாளியை உட்காரவைக்கிறார்கள். அந்தத் தட்டு வட்டமாகவும் ஓடி ஆட்டமும் போடுவதால் பந்து எல்லாப் பக்கமும் நன்றாகத் திரும்பும், ஏற்கெனவே பஃபர் வைத்திருக்கிற கார் வாஷ் கடைக்காரர்கள் முயலலாம். மிக்சி மோட்டார் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிற ஜாதி அது.

மெஷினால் ஆகாத காரியங்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் கடைக்கு வந்து சண்டை போடுவீர்கள். வருஷக்கணக்கில் மஞ்சளடித்த வெள்ளைப் பந்து வெள்ளையாகாது, அந்த ரெசினின் சுபாவம் அது. விரிசலும் உடைந்த சில்லும் போகாது, அப்படிப்பட்ட பந்தை மெஷினில் விட்டால் மற்ற பந்துகளைக் கீறும். ஒவ்வொரு அடியும் வாங்குவது வெள்ளைப் பந்துதான் என்பதால் மற்றதைவிட அது சீக்கிரம் தேயும். ஒரு வெர்னியர் காலிபர் எடுத்து அதையும் மற்ற பந்துகளையும் அளந்து பாருங்கள், ஒரே பந்தையே நாலு பக்கமும் திருப்பி அளந்து பாருங்கள், கோணல் தெரிந்துவிடும். தேய்ந்த பந்தை மாற்றத்தான் வேண்டும், பாலிஷ் போட்டு ஏமாற்ற முடியாது.

பார்லர்காரர் கேட்ட ஆள் பிரச்சினைக்கு வருகிறேன். கையால் ஒரு பந்துக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தால் ஒரு டேபிளுக்கு அரை மணி நேரம், நாலு டேபிள் இருந்தால் இரண்டு மணி நேரம் ஒரு ஆள் உட்காரவேண்டும், யார் உட்காருவார்கள்? மெஷின் இருந்தால் கல்லாவில் இருக்கிறவரே காலையில் கடை திறந்து பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் ஓட்டிவிடலாம். வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பந்தும், கூட்டம் அதிகம் என்றால் இரண்டு முறை, வெள்ளைப் பந்தை மட்டும் தினமும். அத்தோடு சாக்கைத் தேய்த்துவிட்டு டேபிளுக்கு மேலேயே ஊதுகிற பழக்கத்தை யாராவது நிறுத்தினால் பாதி வேலை மிச்சம், ஆனால் அது என் கையிலும் இல்லை, பார்லர்காரர் கையிலும் இல்லை.

அளவுகள் குறித்த கைப்படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் போடுங்கள், படத்துக்கு இடமில்லாவிட்டாலும் அந்தச் சுற்று வேகத்தை மட்டும் விட்டுவிடாமல் போடுங்கள். முதலில் எழுதிய வாசகருக்கும் ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை பார்லருக்குப் போனால் டேபிள் எடுப்பதற்கு முன்னாலேயே வெள்ளைப் பந்தை ஒரு சுத்தமான கைக்குட்டையில் உருட்டிப் பாருங்கள். நீலமாக வந்தால் துடைத்துக் கொடுத்தால்தான் ஆடுவேன் என்று சொல்லுங்கள், நேரம் அதற்கு அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கவேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர்,
மேட்டுப்பாளையம்